நம்ம முறை

சீர்காழியிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் பேருந்தில் போகிறவர்கள் காரைக்காலைத் தாண்டித்தான் போக வேண்டும். திருக்கடையூர், தரங்கம்பாடி, பொறையார் என்று போகிற வண்டி, நண்டலாறு தாண்டியதும் புதுச்சேரி எல்லைக்குள் நுழையும். வாஞ்சூருக்குப் பிறகு மறுபடி தமிழ்நாடு. 1991 அக்டோபர் 18-ல் தஞ்சாவூர் மாவட்டத்தைப் பிரித்து எங்களை நாகப்பட்டினத்தோடு சேர்த்தார்கள். அன்று முதல் எங்கள் ஊர்க்காரர்கள் மாவட்டத் தலைநகருக்குப் போக இன்னொரு அரசின் மண்ணை மிதித்துத்தான் போய் வந்தார்கள்.

நான் முதன்முதலில் அந்த வழியாகப் போனது 1992 ஜூன் மாதம். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த மறுநாள் விடியற்காலை முதல் வண்டி. குறுவை நாற்றங்காலுக்கு வைத்திருந்த பணத்திலிருந்து அப்பா 50 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். மஞ்சள் பையில் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஒவ்வொன்றுக்கும் பச்சை மையில் கையெழுத்து வாங்கிய நகல்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்யப் போகிறேன்.

ஒரு நாள் பொறுத்துப் போனால் என்ன என்று அம்மா கேட்டாள். ஒரு நாள் என்பது அப்போது எங்களுக்கு ஒரு நாள் இல்லை. இன்று பதிந்தவனுக்கும் நாளை பதிகிறவனுக்கும் நடுவில் நூற்றுக்கணக்கான பேர் நின்றுவிடுவார்கள். அதற்குப் பெயர் பதிவு மூப்பு. பேச்சில் சீனியாரிட்டி. அந்தச் சொல்லைச் சொல்லத் தெரியாத ஆள் அன்றைக்கு எங்கள் தெருவில் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட, "பேரனுக்கு சீனியாரிட்டி எப்ப வருதாம்?" என்று கேட்பாள்.

போய்ச் சேர்ந்தபோது வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. வேதாரண்யத்திலிருந்து, திருத்துறைப்பூண்டியிலிருந்து, மன்னார்குடியிலிருந்தெல்லாம் பையன்களும் பெண்களும் வந்திருந்தார்கள். திருவாரூர் தனி மாவட்டம் ஆவதற்கு அப்போது இன்னும் நாலரை ஆண்டுகள் இருந்தன. மதியச் சாப்பாட்டு நேரம் கழிந்துதான் என் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் பெயர், பிறந்த தேதி, படிப்பு, பதிவு எண் எல்லாவற்றையும் நீல மையில் எழுதி, முத்திரை குத்தி, உள்ளங்கை அளவு அட்டையை நீட்டினார். "தொலைச்சிடாத தம்பி. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை, இதே மாசம், மறக்காம ரினிவல் பண்ணிடு" என்றார். அந்தக் கையெழுத்து அவ்வளவு அழகு. என் பெயரை அதற்கு முன்னும் பின்னும் யாரும் அப்படி எழுதியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மூன்று மா குத்தகை நிலம், அதுவும் கடைமடை. அணைக்கரையில் கீழணை, அங்கிருந்து தெற்கு ராஜன் வாய்க்கால், அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து கன்னி வாய்க்கால். கடைசியில்தான் எங்கள் வயல். தண்ணீர் குறைவான ஆண்டுகளில் முறை வைத்துத்தான் விடுவார்கள். மேல்மடைக்காரருக்கு இத்தனை நாள், நடுமடைக்கு இத்தனை நாள், பிறகு நாங்கள். நடுராத்திரியில் முறை வந்தாலும் மண்வெட்டியும் அரிக்கேனும் எடுத்துக்கொண்டு ஓடுவார். முறை தவறி மடையைத் திறந்தவன் பண்ணையாரே ஆனாலும் ஊர் சும்மா விடாது.

"இதும் முறைதான்" என்றார் அட்டையைத் திருப்பிக் கொடுத்தபடி. "நமக்கு முன்னால நிக்கிறவனுக்குக் கிடைக்கட்டும். நம்ம முறை வரும்."

அப்பா அன்று சொன்னதில் இருந்த நம்பிக்கையை நான் பிறகு எந்தத் திட்டத்திடமும் பார்க்கவில்லை. சிபாரிசுக்கு ஆள் வேண்டாம். கையில் கொடுக்கப் பணம் வேண்டாம். கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. காத்திருந்தால் போதும். ஏழைக்குக் காத்திருக்கத் தெரியும். அந்த ஒரு தகுதியை மதித்த அரசு அலுவலகம் அது ஒன்றுதான்.

அந்த அலுவலகங்கள் எதற்காகத் தொடங்கப்பட்டன என்பதை நான் மிகவும் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடிக் கொடுக்க 1945-ல் வெள்ளைக்காரன் அரசு தொடங்கியது. 1948-ல் வேலை தேடும் எல்லாருக்கும் கதவு திறந்தது. 1956 நவம்பர் 1 முதல் நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. 1959-ல் காலிப்பணியிடங்களைக் கட்டாயமாகத் தெரிவிக்கும் சட்டம் வந்தது. அரசு அலுவலகங்களும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் தங்களிடம் உள்ள காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். சொல்லத்தான் வேண்டும், அங்கிருந்து வருகிறவரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அது சொல்லவில்லை. சொல்லாமல் விட்டாலும் முதல் தடவைக்கு 500 ரூபாய் வரை அபராதம், அடுத்த தடவைகளுக்கு 1,000 ரூபாய் வரை. அவ்வளவுதான். நாங்கள் மலைபோல் நம்பிய அட்டைக்குப் பின்னால் நின்ற சட்டத்தின் பலம் அது.

அரசுப் பணிகளில் மட்டும் அந்த அட்டை உண்மையாகவே வேலை செய்தது. ஒரு காலியிடத்துக்குப் பதிவு மூப்பின்படி ஐந்து பேரை அழைப்பார்கள். இடஒதுக்கீட்டுச் சுழற்சி பார்ப்பார்கள். ஆதரவற்ற விதவை, முன்னாள் ராணுவத்தினர், மாற்றுத்திறனாளி, கலப்புத் திருமணம் செய்தவர், அரசுக்கு நிலம் கொடுத்த குடும்பம் என்று முன்னுரிமை உண்டு. ஆசிரியர், எழுத்தர், ஓட்டுநர், அலுவலக உதவியாளர் என்று அந்த வழியில் உள்ளே போன ஆயிரக்கணக்கான முதல் தலைமுறைக் குடும்பங்கள் இந்த டெல்டாவில் இருக்கின்றன. எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு. அவர்கள் வீட்டு ஓலைக் கூரை ஓடானதும், ஓடு தளமானதும் அந்த அட்டையால்தான்.

நான் மேலையூரில் பூம்புகார் கல்லூரியில் 1995-ல் பி.ஏ. முடித்தேன். முதல் புதுப்பித்தலும் பட்டப்படிப்பைக் கூடுதல் தகுதியாகச் சேர்த்ததும் ஒரே நாளில். பிறகு சீர்காழியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர். அதையும் சேர்த்தேன். 1998, 2001, 2004. ஜூன் மாதம் என்றால் எங்கள் வீட்டில் இரண்டு விஷயம். ஒன்று, 12-ஆம் தேதி மேட்டூர் திறக்கிறார்களா. இரண்டாவது, என் அட்டை. இரண்டையும் அப்பாதான் ஞாபகம் வைத்திருந்தார்.

ஒரே ஒரு தடவை எனக்கு இண்டர்வியூ கார்டு வந்தது. 1999-ல். ஓர் அரசு அலுவலகத்தில் ஓர் இடம், ஐந்து பேர். வெளியே மரத்தடி பெஞ்சில் ஐவரும் உட்கார்ந்திருந்தோம். முதல் ஆள் 1984-ல் பதிந்தவர். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு பதிந்தாராம். முன்நெற்றியில் முடி இல்லை. சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் முழுக்கப் புதுப்பித்தல் முத்திரைகள் நிறைந்து, ஒட்டுக்காகிதம் ஒட்டி அதிலும் முத்திரைகள்.

"பதினஞ்சு வருஷம் தம்பி" என்றார். "கல்யாணத்துக்குப் பொண்ணு கேட்டுப் போற இடத்துலகூட இதத்தான் காட்டுவேன்."

"உங்களுக்குத்தாண்ணே கிடைக்கணும்" என்றேன். மனதார வந்த வார்த்தை. அவருக்குத்தான் கிடைத்தது. திரும்பி வரும்போது பேருந்தில் எனக்கு வருத்தம் இல்லை. முறை சரியாக நடந்தது என்ற நிம்மதிகூட இருந்தது. அவர் 1984, நான் 1992. எட்டு வருடம் பொறுத்தால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

அந்தக் கணக்குதான் தப்பு. வரிசை நகரவில்லை. அதைவிட, வரிசையே மாறிக்கொண்டிருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பெயர்களை மட்டும் பார்ப்பது போதாது, பத்திரிகையிலும் விளம்பரம் செய்து எல்லாருக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. நியாயமான தீர்ப்புதான். பதியாதவனுக்கும் பசி உண்டு. ஆனால், அந்தத் தீர்ப்பு வந்தது வரிசையில் நின்ற எங்களுக்குத் தெரியாது. யாரும் எங்களைக் கூப்பிட்டு, "தம்பிகளா, இனி இந்த வழி குறுகிவிடும், தேர்வுக்குப் படியுங்கள்" என்று சொல்லவில்லை. ஜூன் மாதம் போனால் வழக்கம்போல முத்திரை குத்திக் கொடுத்தார்கள். முத்திரை விழும் சத்தம் கேட்டால் எல்லாம் சரியாக நடக்கிறது என்றுதானே நினைப்போம்?

என் அக்காவுக்கு இது இன்னும் கடுமையாக நடந்தது. இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டுப் பதிந்து காத்திருந்தாள். அந்தப் பணிக்குப் பதிவு மூப்பில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு முன்னால் பதிந்த ஆண்டுகள் ஒவ்வொன்றாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தன. அவள் ஆண்டு நெருங்கிய நேரத்தில் கல்வி உரிமைச் சட்டத்தையொட்டித் தகுதித் தேர்வு கட்டாயமானது. தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள்; ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. அக்காவும் தேறவில்லை. படித்து முடித்துப் பதினான்கு வருடம் கழித்து, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மறுபடி குழந்தை உளவியல் புத்தகத்தைத் திறந்தாள். ஆசிரியருக்குத் தேர்வு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியர் வேண்டும். காத்திருக்கச் சொன்னவர்களுக்கு ஒரு கடமை இருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

2006-க்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இரண்டாவது அட்டை நுழைந்த வருடம்.

அந்த ஆண்டு பிப்ரவரி 2-ல் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் நாட்டில் 200 மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதல் கட்டமாக எடுத்த ஆறு மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. நூறு நாள் வேலை என்று ஊர் பெயர் வைத்தது. அம்மாவும் ஊராட்சி அலுவலகத்தில் பெயர் கொடுத்தாள். புகைப்படம் ஒட்டிய வேலை அட்டை வந்தது. சில வாரங்களில் வாய்க்கால் தூர்வாரும் வேலை. ஒரு நாளைக்கு 80 ரூபாய்.

அந்தச் சட்டத்தை நான் உட்கார்ந்து படித்தேன். வேலை கேட்ட 15 நாளுக்குள் வேலை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வேலையில்லாக் காலப்படி கொடுக்க வேண்டும். முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அதற்குப் பிறகு பாதி. படித்து முடித்ததும் டிரங்குப் பெட்டியிலிருந்து என் அட்டையை எடுத்து அம்மாவின் அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் கெடு இருந்தது. அம்மாவின் அட்டையில் கெடு அரசுக்கு. என் அட்டையில் கெடு எனக்கு. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கத் தவறினால் என் மூப்பு போய்விடும். பதினான்கு வருடத்தில் நான் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

பட்டதாரி மகனின் அட்டைக்கு வராத வேலை கைநாட்டுத் தாயின் அட்டைக்கு வந்தது. அதில் எனக்குத் துளிகூட மனக்குறை இல்லை. நடவும் களையும் போக மீதி நாளெல்லாம் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த பெண்களுக்குக் கையில் காசு வந்ததை நேரில் பார்த்தவன் நான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை எங்கள் ஊர் முதன்முதலில் பார்த்தது அந்த வாய்க்கால் கரையில்தான். அம்மா முதல் கூலியில் எனக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தாள். "இண்டர்வியூ வந்தா போட்டுக்க" என்றாள். முப்பத்தொரு வயது எனக்கு.

அதே சமயத்தில் எனக்கும் அரசின் பணம் வந்தது. பதிந்து ஐந்து வருடம் ஆகியும் வேலை கிடைக்காத இளைஞர்களுக்கான உதவித்தொகை. பட்டதாரிக்கு மாதம் 300 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 900 ரூபாயாக வங்கியில் விழும். மூன்று வருடத்துக்கு மட்டும். அம்மா பன்னிரண்டு நாள் வாய்க்காலில் நின்றால் 960.

எங்கள் சீர்காழிப் பிள்ளை ஞானசம்பந்தர். அவருக்கு இப்படி ஒரு கதை உண்டு. பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் அவருக்கும் அப்பருக்கும் இறைவன் தினம் ஒரு பொற்காசு படியாகக் கொடுத்தார். அப்பர் காசு கடையில் முழு மதிப்புக்குப் போனது. சம்பந்தர் காசுக்கு வட்டம் பிடித்தார்கள். அப்பர் உழவாரம் பிடித்துக் கையால் வேலை செய்தவர், அதனால்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. சின்ன வயதில் சட்டைநாதர் கோயிலில் கதை கேட்டபோது புரியாதது, வங்கியில் அந்த 900 ரூபாயை எடுத்தபோது புரிந்தது. சும்மா வந்த காசு கையில் நிற்கவில்லை. எனக்குத் தேவைப்பட்டது அம்மா கொண்டுவந்தது போன்ற காசு.

உதவித்தொகையைக் குறைவாகப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தேர்வுக் கட்டணம், பேருந்துக் கட்டணம், புத்தகம் என்று அது எனக்கு உதவியது. இன்று அது பத்தாம் வகுப்பு தவறியவர்க்கு 200, தேறியவர்க்கு 300, பிளஸ் டூ 400, பட்டதாரி 600. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதம் 6,000 ரூபாய்க்குள் ஒரு குடும்பம் என்றால் அந்த வீட்டில் இந்த 600 எவ்வளவு முக்கியம், எவ்வளவு போதாது என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

2010-ல் சீர்காழி பேருந்து நிலையம் பக்கம் ஒரு சின்னக் கடை போட்டேன். ஜெராக்ஸ், டைப்பிங், ஒரு பழைய கணினி. விரல்களில் இருந்த ஹையர் கடைசியில் சோறு போட்டது. அதே காலத்தில்தான் வேலைவாய்ப்புப் பதிவு இணையத்துக்கு வந்தது. பதிந்து காத்திருந்தவன், மற்றவர்களுக்குப் பதிந்து கொடுப்பவன் ஆனேன். பதினைந்து வருடமாகச் செய்கிறேன்.

நாங்கள் முதல் வண்டியைப் பிடித்து ஓடிய வேலை இன்று பத்து நிமிடத்தில் முடிகிறது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே பதிந்து கொடுக்கிறார்கள். மதிப்பெண் சான்று கொடுக்கத் தொடங்கும் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் யார் பதிந்தாலும் எல்லாருக்கும் ஒரே பதிவு மூப்பு. கடைக்கோடி கிராமத்துப் பிள்ளையும் மாவட்டத் தலைநகரத்துப் பிள்ளையும் ஒரே நாளில் பதிந்ததாகக் கணக்கு. இதை யோசித்தவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். 1992-ல் ஒரு நாள் மூப்புக்காகப் பட்டபாடு எனக்குத் தெரியும்.

பதிவு எண் இப்போது எழுத்தும் எண்ணுமாக நீளமாக இருக்கிறது. முதல் மூன்று எழுத்து மாவட்ட அலுவலகம், பிறகு ஆண்டு, பிறகு ஆண் என்றால் எம், பெண் என்றால் எஃப், பிறகு எட்டு இலக்கம். அதைப் பார்த்தாலே ஒருவர் எத்தனை வருடமாக நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். 2001 என்று ஆண்டு போட்ட எண்ணோடு ஒருவர் வருவார். நரைத்த தாடி, பக்கத்தில் மகள். "எனக்கும் ரினிவல் பண்ணிடுங்க, அப்படியே பொண்ணுக்குப் புதுசா போட்டுடுங்க" என்பார். இரண்டு அட்டையையும் அச்செடுத்து ஒரே கவரில் போட்டுக் கொடுப்பேன்.

போன வருடம் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். புத்தூர்ப் பக்கம். தாய் நடவு வேலைக்குப் போகிறவர்; நகக்கண்ணில் சேறு காயவில்லை. மகள் பிளஸ் டூவில் 500-க்கு மேல் வாங்கியிருந்தாள். பள்ளியில் பதிந்த நாளில் அவளுக்குக் காய்ச்சல். விவரங்களை நான் தட்டிக்கொண்டிருந்தேன். ஓ.டி.பி. வருவதற்காக மூவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சார், இதப் போட்டா வேலை வருங்களா?" என்று தாய் கேட்டார்.

என் அம்மாவும் அந்த நாளில் கேட்ட கேள்விதான். அன்று எனக்கு யாரும் சொல்லாத பதிலை நான் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. "போட்டு வைங்கம்மா, தேவைப்படும். ஆனா இத மட்டும் நம்பி இருந்துடாத பாப்பா. இப்ப அரசு வேலை பெரும்பாலும் தேர்வுலதான். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துல தன்னார்வப் பயிலும் வட்டம்னு இருக்கு. டி.என்.பி.எஸ்.சி.க்கு இலவசமா வகுப்பு நடத்துறாங்க. நீ அங்க போய்ச் சேரு." ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். தாய் அந்தத் தாளை மடித்து மணிபர்ஸில் வைத்தார். அச்செடுத்த அட்டையைவிட அதைத்தான் பத்திரமாக வைத்தார்.

2020 டிசம்பர் 28 முதல் நாங்கள் மயிலாடுதுறை மாவட்டம். தமிழ்நாட்டின் 38-ஆவது. தலைநகர் இப்போது சுமார் இருபது கிலோமீட்டர்தான். காரைக்கால் வழியே போக வேண்டியதில்லை. அலுவலகத்தின் பெயரும் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் என்று ஆகிவிட்டது. பெயரில் வழிகாட்டுதல் வந்தது நல்ல விஷயம். அங்கே உண்மையாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறார்கள். 2022 மார்ச் 1-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் திறன் பயிற்சி வருகிறது. என் கடைக்கு வரும் பிள்ளைகளில் சிலர் அதில் படித்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். எங்கள் காலத்தில் இதில் ஒன்றாவது இருந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

ஆனால், முகாமுக்குப் போய் வருகிற பிள்ளைகள் கொண்டுவரும் பணி ஆணைகளை நான்தான் ஜெராக்ஸ் எடுக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், திருப்பூர். ஊரில் ஒன்றுகூட இல்லை. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக 2020-ல் சட்டம் போட்டு அறிவித்தார்கள். அதை வரவேற்றவன் நான். எண்ணெய்க் கிணறும் ரசாயன ஆலையும் இங்கே வேண்டாம். வயலைக் காப்பாற்றியாயிற்று. வயல்காரன் பிள்ளைக்கு அந்த வயலைச் சுற்றியே வேலை உண்டாக்குவது மிச்சம் இருக்கிறது. இத்தனை நெல் விளைகிற ஊரில் நெல்லைப் பிடித்துச் செய்யும் தொழில் எவ்வளவு வரலாம்! அரிசி, தவிடு, உமி, விதை, கிடங்கு, இயந்திரப் பழுது. கொள்முதல் நிலைய வாசலில் நெல் நனைகிறது என்று ஆண்டுதோறும் செய்தி வருகிறது. அந்த நெல்லை நனையாமல் காக்கிற கிடங்கு கட்டினால் அதிலேயே எத்தனை பேருக்கு வேலை. பிள்ளை ஒரகடத்தில் பன்னிரண்டு பேரோடு ஓர் அறையில் படுத்துக்கொண்டு மாதம் ஒரு தடவை ரயிலேறி வந்து அம்மா முகத்தைப் பார்க்க வேண்டாம்.

2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை. 122 ஆண்டுகளில் இல்லாத மழை என்றார்கள். எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். டிரங்குப் பெட்டி மிதந்தது. வடிந்த பிறகு திறந்து பார்த்தேன். பட்டச் சான்றிதழ் பிளாஸ்டிக் உறையில் இருந்ததால் பிழைத்தது. அட்டை ஊறிப்போயிருந்தது. நீல மை கலைந்து என் பெயர் இருந்த இடத்தில் ஒரு கறை. பின்பக்கத்து முத்திரைகள் மட்டும் கொஞ்சம் தெரிந்தன. அப்பா அதற்கு ஆறு வருடம் முன்பே போய்விட்டார். கடைசிவரை ஜூன் மாதம் வந்தால், "அட்டையப் புதுப்பிச்சியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நானும் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். வயது வரம்பு தாண்டிய பிறகும், அவருக்காக.

வெயிலில் காயவைத்தேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து காக்கை வராமல் பார்த்துக்கொண்டாள்.

என் மகள் 2023-ல் பத்தாம் வகுப்பு முடித்துப் பள்ளியிலேயே பதிந்தாள். அவள் அட்டை போனில் இருக்கிறது, நனையாது. அவளிடம் முறை வரும் என்று நான் சொல்லவில்லை. தேர்வுக்கும் படி, ஒரு தொழிலும் கற்றுக்கொள், பதிவையும் விட்டுவிடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

தமிழ்நாட்டில் சில ஆண்டுகளுக்கு முன் பதிவில் இருந்தவர்கள் 70 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொருவரும் தங்கள் எண்ணைத் தட்டி உள்ளே போகலாம், புதுப்பிக்கலாம், தகுதி சேர்க்கலாம். என் தகுதிக்கு, என் மாவட்டத்தில், எந்த ஆண்டு பதிந்தவர் வரை அழைத்திருக்கிறார்கள், எனக்கு முன்னால் எத்தனை பேர், போன ஆண்டு இந்தப் பதிவின் வழியாக எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று ஒரு பிள்ளை தன் எண்ணைத் தட்டியதும் முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும். ரேஷன் கடையில் என்ன வாங்கினோம் என்பது அடுத்த நிமிடம் போனில் வருகிற காலத்தில் இதைச் செய்வது அரசுக்குக் கடினமான காரியம் இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் வராது என்றால் வராது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த வருடம் நாங்கள் உளுந்து விதைத்துக்கொள்வோம்.

புதுப்பிக்க வேண்டிய மாதம் உங்கள் அட்டையிலேயே இருக்கிறது. அந்த மாதத்தை விட்டுவிட்டவர்களுக்கு அடுத்த இரண்டு மாதம் அவகாசம் உண்டு. பதியவும் புதுப்பிக்கவும் அரசு ஒரு பைசா வாங்குவதில்லை.